நீங்கதான் அசைஞ்சிட்டீங்க

அவர் எடுத்த படம் ஆடியிருந்தால் ஆடியது நீங்கள்தான். நீங்கள் இல்லையென்றால் உங்கள் பிள்ளை. பிள்ளையும் இல்லையென்றால் காற்று, பாலம், வாவி. அவர் ஆடியதே இல்லை. அவருடைய கமரா ஸ்டாண்டும் ஆடியதே இல்லை. நான் அவருடைய ஸ்டூடியோவில் வேலை செய்த காலம் முழுக்க, மட்டக்களப்பில் அசையாமல் நிற்கும் ஒரே பொருள் அந்த ஸ்டாண்ட்தான் என்று என்னை நம்பச் சொன்னார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரில் எத்தனையோ பேரின் கலியாண அல்பத்துப் பின்னட்டையில் தங்க எழுத்தில் இருக்கிறது. அது போதும் அவருக்கு.

ட்ரைபொட் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எழுதுகிறவர்கள் முக்காலி என்பார்கள். நாங்கள் ஸ்டாண்ட் என்போம். அவருடைய ஸ்டாண்ட், எப்போதோ ஒரு கமரா வாங்கியபோது பையோடு சேர்த்துச் சும்மா கொடுத்தது. கையில் எடுத்தால் குடை மாதிரி இருக்கும். குடையாவது மழைக்கு உதவும். ஒரு காலில் கிளிப் உடைந்து, அந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். டேப் வெயிலுக்கு இளகி, அந்தக் கால் மெதுவாக உள்ளே இறங்கும். படம் எடுக்கத் தொடங்கும்போது நேராக நிற்கும் மாப்பிள்ளை, முடிக்கும்போது சரிந்து நிற்பார். "தம்பி, நேரா நில்லுங்க" என்று மாப்பிள்ளைக்குத்தான் ஏச்சு விழும்.

மற்றதெல்லாம் அவரிடம் திறமாக இருந்தது. பைகள் நிறைந்த கையில்லாத சட்டை ஒன்று. அந்தப் பைகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்: ஒன்றில் சீப்பு, ஒன்றில் வெற்றிலை, மீதி வெறும் பை. கமராவின் பட்டியில் பெயர் பொறித்திருந்தார். ட்ரோன் வைத்திருந்தார், அதைப் பறக்க விட்டதைவிடக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். பார்க்கிறவன் கண்ணுக்கு எது படுமோ அதற்குச் செலவு செய்வார். ஸ்டாண்டை யார் பார்க்கிறார்கள்?

"வாடிக்கைக்காரர் படத்தப் பாப்பாரா, ஸ்டாண்டிட காலப் பாப்பாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"படத்தத்தான் பாப்பார். படம்தானே ஆடுது" என்றேன்.

"படம் ஆடல்ல. ஆள் ஆடுது" என்றார்.

ஒருமுறை பட்டணத்தில் கமராச் சாமான் விற்கும் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் நல்ல ஸ்டாண்ட் ஒன்றை எடுத்து வைத்தார். தடித்த அலுமினியக் கால், இரும்புக் கொளுக்கி, பாரம். நான் அதை விரித்துவைத்து மேலே இரண்டு கையையும் ஊன்றி அமத்தினேன். வளையவில்லை. தலையைப் பிடித்துத் திருகினேன். கால்கள் கூடவே திரும்பவில்லை. ஸ்டாண்ட் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். கமராவின் பாரத்தை மட்டும் தாங்கினால் காணாது. அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தாங்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தாமலே உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். இதற்கெல்லாம் படிப்புத் தேவையில்லை, வெட்கமில்லாமல் அமத்திப் பார்த்தால் போதும்.

அவர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "என்ன புள்ள, மாடா வாங்கப் போறம், முதுக அமத்திப் பாக்கிறாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் தன் முறைப்படி பார்த்தார். பக்கத்தில் இருந்த மெல்லிய ஒன்றை ஒரு விரலால் தூக்கினார். "இதுதான் சாமான். ஒரு சோலியும் இல்ல." ஆனால் அதையும் வாங்கவில்லை. இன்னொரு கையில்லாத சட்டை வாங்கினார். முன்னதைவிடப் பைகள் கூட.

அதற்குப் பிறகு, வீடியோத் தொழிலை விட்டுப் போன ஒருவரிடம் இருந்து பழைய பாரமான ஸ்டாண்ட் ஒன்றை நானே வாங்கினேன். அதற்கு அவர் வைத்த பெயர் பொணம். "அந்தப் பொணத்த என்ட மோட்டச்சைக்கிள்ள ஏத்தாத, சரிஞ்சிரும்" என்பார். என் ஸ்டாண்ட் ஸ்டூடியோ மூலையில் கிடந்தது. அவருடைய குடை ஊரெல்லாம் போனது.

ஒருநாள் மாலை வாவிக் கரையில் ஒரு சோடியைப் படம் எடுக்கப் போனோம். தண்ணீரில் சூரியன் விழுவது வேண்டுமாம். அவர் ஸ்டாண்டைக் கொண்டுபோய்ச் சேற்றில் நட்டார். வாவிச் சேறு எப்படி என்று இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே களி. "அண்ணன், மூண்டு காலுக்கும் மூண்டு சிரட்டையக் கவுத்து வைப்பம், புதையாது" என்றேன். கரை முழுக்கச் சிரட்டை கிடந்தது.

"சிரட்டையோ? நான் என்ன புட்டா அவிக்கிறன்?" என்றார். அந்தச் சோடி சிரித்தது. அவருக்கு அது காணும்.

சூரியன் சரியான இடத்துக்கு வந்த நேரத்தில் முன்கால் மெதுவாக இறங்கியது. கமரா தலை குனிந்து, கும்பிடுகிற மாதிரிப் போய்த் தண்ணீரில் மூக்கை வைத்தது. அவர் பாய்ந்து தூக்கினார். லென்ஸில் இருந்து களி வடிந்தது. என்ன சொன்னார் தெரியுமா? "இந்த வாவி சரியில்ல. முந்தி இப்பிடி இல்ல."

சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் சிரிக்க முடியவில்லை.

ஒரு பாடசாலை அதிபர் ஓய்வுபெறும் நாளில் படம் எடுத்தார். மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு. படம் முழுக்க ஆடிப்போனது. அதிபர் ஸ்டூடியோவுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றிப் பார்த்தார். "தம்பி, என்ட முகம் ரெண்டாத் தெரியுதே?"

"சேர், கோவிக்க வேணாம்" என்றார் இவர். குரலைத் தாழ்த்தினார். "உங்கட உடம்புல ஒரு நடுக்கம் இருக்கு. சுகர் பாத்தீங்களா?"

அதிபர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அடுத்த கிழமை ஒரு தாளோடு வந்தார். "நோர்மல் எண்டு சொல்றாங்க தம்பி."

"இப்ப நோர்மலாத்தான் காட்டும் சேர்" என்றார் இவர்.

அந்த மனுசன் அன்றிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு பழுதான கிளிப்புக்காக.

வாழைச்சேனையில் ஒரு கலியாணம். பொம்பிளை காலையிலிருந்து பாரமான சேலையோடு நிற்கிறாள். நான் லைட் குடையைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரில் நின்றேன். கண்கூட இமைக்கவில்லை அவள். படம் ஆடியது. "தங்கச்சி, நீங்கதான் அசைஞ்சிட்டீங்க" என்று ஆரம்பித்தார். மறுபடி எடுத்தார், மறுபடி அதே கதை. கடைசியில் மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி வாயைத் திறந்தாள். "ஒரு இடத்தில நிக்கத் தெரியாத பொட்டையாப் பாத்துத்தான் புடிச்சிருக்கம்." பொம்பிளையின் கண் நிறைந்தது. மை கரைந்தது.

"அண்ணன், நீங்க அமத்தக்குள்ள ஸ்டாண்ட்தான் ஆடினது" என்றேன், மாமிக்கும் கேட்கட்டும் என்று.

"நீ குடையப் புடி" என்றார்.

இதில் என்னை எரிச்சல்படுத்தியது அவருடைய பொய் மட்டுமல்ல. ஆட்கள் நம்பினார்கள். கண்ணால் பார்த்ததை நம்பாதவர்கூட, படத்தில் இருந்தால் நம்பினார். வைத்தியர் கொடுத்த றிப்போட்டைப் பார்ப்பதுபோலத் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

இனி மண்டூர்ப் பக்கத்து வீட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.

அந்தக் கரைக்குப் போக வாவியைக் கடக்க வேண்டும். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கடத்தும் படகை நாங்கள் பாதை என்போம். பாதையில் ஏறி, இறங்கி, வயல் வழியாகப் போனால் அந்த வீடு. வீட்டில் ஒரு தாய், மகள், மகன். தாய்க்குப் பாரிசவாதம் வந்து உடம்பு முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் அவருடையதாக மிஞ்சியிருந்தது. இனி எழும்ப மாட்டார் என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகள் அதைக் கஷ்டப்பட்டு ஏற்றுக்கொண்டிருந்தாள். தாயின் தலையை வாரிப் பின்னிவிடுவாள், பத்திரிகை வாசித்துக் காட்டுவாள், மத்தியானம் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பாள். நாங்கள் போன அன்று அந்த அறையில் ஓர் அமைதி இருந்தது. மகன் கட்டாருக்கு வேலைக்குப் போக இருந்தான். போக முன் அம்மாவோடு ஒரு படம் வேண்டும் என்றுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

"பிளாஷ் அடிக்க வேணாம் அண்ணன்" என்றாள் மகள். "வெளிச்சம் பட்டா அம்மாட கண்ணால தண்ணி ஓடும். அவக்குத் துடைக்கவும் ஏலாது."

ஆகவே யன்னல் வெளிச்சம் மட்டும். அந்த வெளிச்சத்தில் ஷட்டர் அரைச் செக்கனாவது திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் கமரா கல் மாதிரி நிற்க வேண்டும். நல்ல ஸ்டாண்டுக்கு இதைவிட வேறு வேலை என்ன? என்னுடையது ஸ்டூடியோ மூலையில் கிடந்தது. இவர் தன்னுடைய குடையை விரித்தார். கால்களைப் பாதிதான் இழுத்தார், ஏனென்றால் கிளிப்போடு மல்லுக்கட்ட அலுப்பு. குறைந்த உயரத்துக்கு நடுத்தண்டை முழுக்க மேலே இழுத்துவிட்டார். மூன்று காலில் நிற்க வேண்டிய கமரா இப்போது ஒற்றைத் தடியின் நுனியில் நின்றது. அதுவும் பாய்க்கு மேலே.

"அண்ணன், தண்ட இறக்குங்க. பாய எடுத்திட்டு காலை அகட்டி வைங்க. கையால அமத்தாம டைமரப் போடுங்க, தானா எடுக்கும்" என்று காதுக்குள் சொன்னேன்.

"டைமர் போட்டா நான் சும்மா நிக்கிறன் எண்டு நினைப்பாங்க" என்றார். "நான் கமரா தூக்கக்குள்ள நீ பொறக்கவே இல்ல."

விரலால் அமத்தினார். கமரா தலையாட்டியதை நான் பார்த்தேன். பின்பக்கத்துச் சின்னத் திரையைப் பார்த்து "சுப்பர்" என்றார். சின்னத் திரையில் எல்லாம் சுப்பராகத்தான் இருக்கும்.

மகன் பயணம் போய்விட்டான். அதன் பிறகு மகள் படத்தை வாங்கிப்போக ஸ்டூடியோவுக்கு வந்தாள். பெரிதாக அச்சடித்த படத்தை மேசையில் வைத்தார். மகள் குனிந்து பார்த்தாள். "அண்ணன், இது தெளிவில்லாம இருக்கே?"

அவர் வாயில் அது தயாராக இருந்தது. யோசிக்கவே இல்லை.

"அம்மா அசைஞ்சிட்டா."

மகள் நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மனுசனாய்ப் பிறந்த எவனும் நிறுத்தியிருப்பான். யாரைப் பற்றி என்ன சொன்னோம் என்று அப்போது அவருக்கே விளங்கியது. முகத்தில் ஒரு கணம் அது ஓடியதை நான் கண்டேன். ஆனால் மகளுடைய முகத்தில் வேறொன்று வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் இவர் நிமிர்ந்து நின்றார்.

"அம்மாட கை அசைஞ்சிருக்கு. பாருங்க, விரல் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நான் எடுக்கக்குள்ளயே கண்டன்."

"அக்கா, அது ஸ்டாண்ட்" என்று நான் தொடங்கினேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தம்பிக்குப் போன் எடுத்துவிட்டாள். "டேய், அம்மா கைய அசைச்சிருக்காடா! போட்டோல இருக்குடா!" அழுகிறாள், சிரிக்கிறாள். கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கி நடக்கிறாள். நான் பின்னால் போக எழும்பினேன். இவர் குறுக்கே கையை வைத்தார்.

"எங்க போறாய்?"

"சுவரும் ரெண்டாத் தெரியுது அண்ணன். யன்னலும் ரெண்டாத் தெரியுது. அதுவும் அசைஞ்சதோ?"

"சந்தோசமாப் போறா. ஏன் கெடுக்கிறாய்? நான் ஆறுதலாப் போன் எடுத்துச் சொல்றன்."

தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். பஸ் போய்விட்டது. அவளுடைய நம்பர் இவருடைய போனில். அன்றும் கேட்டேன், மறுநாளும் கேட்டேன். "சொல்லிட்டன் புள்ள, விளங்கிட்டாம்" என்றார். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து, "மண்டூர்ப் பக்கத்து அந்த அம்மாவ இன்னொருக்கா எடுக்கட்டாம். எனக்கு வேற வேலை. நீ போ" என்றார். கமராவைத் தந்தார். சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். தெளிவான படம் ஒன்று கேட்கிறார்கள், நியாயம்தானே. என் பொணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன், பாதை ஏறினேன்.

வாசலிலேயே எண்ணெய் மணம். அறைக்குள் பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி தாயின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். தாயின் வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்துத் துணியால் கட்டியிருந்தார்கள். விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. கட்டிலுக்கு நேரே சுவரில் அந்த ஆடிய படம். மகள் தாயின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து நின்றாள். போனில் தம்பி வீடியோவில் இருந்தான்.

"அம்மா, தம்பி பாத்துக்கிட்டு இருக்கான். ஒருக்கா அமத்துங்க. அண்டைக்கு அந்தப் போட்டோக்காரருக்கு அசைச்சிக் காட்டினீங்க. எங்களுக்கு மாட்டீங்களா?"

போனுக்குள் இருந்து, "அக்கா, அவ வேணுமெண்டு செய்யிறா இல்ல போல" என்று குரல் வந்தது.

"மனசு வெக்கிறா இல்லடா" என்றாள் மகள்.

"வைராக்கியம் புடிச்ச மனிசி. முந்தியும் அப்பிடித்தானே" என்றாள் மாமி காலை விடாமல்.

தாயின் கண்ணால் தண்ணீர் ஓடிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிளாஷ் யாரும் அடிக்கவில்லை.

மகள் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "வாங்க தங்கச்சி. அவரும் வந்திருந்தா நல்லம். அவர் என்ன சொல்லி அம்மாவ அசைய வெச்சார்? உங்களுக்கு நினைவிருக்கா? நாங்க காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் பாடாய்ப் படுறம், ஒண்டும் நடக்குதில்ல."

"அவர் உங்களுக்குப் போன் எடுக்கல்லயா?"

"எடுத்தாரே. விடாமச் செய்யுங்க, வரும் எண்டு சொன்னார்."

சுத்தி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. "அக்கா, அம்மா அசையல்ல. அண்டைக்கும் அசையல்ல. ஸ்டாண்ட் ஆடினது. அவர் உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கார்" என்றேன்.

அவள் கையை உதறினாள். "என்ன கதைக்கிறீங்க? படத்தில இருக்கு!"

"படத்தில சுவரும் இருக்கு. பாருங்க." சுவரில் இருந்து அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "யன்னல் கம்பி ரெண்டு ரெண்டா இருக்கு. நீங்க ரெண்டு. தம்பி ரெண்டு. தலைமாட்டுத் தண்ணிப் போத்தல் ரெண்டு. எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு. போத்தலும் மனசு வெச்சதோ?"

"வெளிய போங்க" என்றாள் மகள். சத்தமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"போறன். ரெண்டு படம் எடுத்துக் காட்டிட்டுப் போறன்."

அவள் பதில் சொல்ல முன்னமே ஸ்டாண்டை விரித்தேன். பாயைச் சுருட்டி ஒதுக்கினேன். மூன்று காலையும் வெறும் சீமெந்தில் அகட்டி வைத்தேன். தடித்த துண்டை மட்டும் நீட்டினேன், மெல்லிய துண்டை உள்ளேயே விட்டேன். தண்டை இழுக்கவில்லை. மேலே கையை ஊன்றி என் பாரத்தைப் போட்டு அமத்திப் பார்த்தேன். குசினிக்குள் போய் அரிசிப் பை ஒன்றைக் கேட்காமலே எடுத்து வந்து நடுக் கொளுக்கியில் தொங்கவிட்டேன், பை ஊசலாடாமல் நிலத்தில் பட்டும் படாமலும். டைமரைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். கமரா தானாக எடுத்தது.

பிறகு அரிசியைக் கழற்றினேன். தண்டை உச்சிக்கு இழுத்தேன். பாயைத் திரும்ப விரித்து அதன் மேல் வைத்தேன். அவர் அமத்துகிற மாதிரியே விரலால் அமத்தினேன். என் பாரமான ஸ்டாண்ட்கூட அப்படிச் செய்தால் நடுங்கத்தான் செய்கிறது.

இரண்டையும் பெரிதாக்கித் திரையில் காட்டினேன். முதல் படத்தில் யன்னல் கம்பி ஒன்று ஒன்றாக நின்றது. விரல்கள் ஒன்று ஒன்றாக, பந்தின் மேல் வீங்கிப்போய். இரண்டாவது படத்தில் எல்லாம் இரட்டை. தாய் மறுபடியும் 'அசைந்திருந்தார்'.

மகள் நெடுநேரம் பார்த்தாள். மாமி காலை விட்டுவிட்டாள். போனில் இருந்து தம்பி, "அக்கா? என்ன நடக்குது அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மகள் போனை வெட்டினாள். கட்டிலில் உட்கார்ந்து, தாயின் கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போய் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பந்து உருண்டு கட்டிலுக்குக் கீழே போனது. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டாள்.

"எவ்வளவு ஏசினன்" என்றாள். தாயைப் பார்த்துச் சொன்னாளா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. "நேத்து... கையில அடிச்சும் போட்டன்."

நான் குனிந்து கட்டிலுக்குக் கீழே கிடந்த பந்தை எடுத்து வெளியே வைத்தேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் முதல் படத்தை மறுபடி கேட்டாள். தாயின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பிசகில்லாத படம். ஒவ்வொரு நரை மயிரும் தெரிந்தது. கண் நேரே கமராவைப் பார்த்தது. அந்தக் கண்ணில் நோயில்லை, இரக்கம் கேட்கவில்லை. கோபம். தடித்த, நேரான கோபம். நடுக் கட்டிலில் கிடந்துகொண்டு வீட்டையே ஏசும் பார்வை.

"வேறொண்டு எடுக்கவா? கொஞ்சம் ஆறினப் பொறகு?" என்று கேட்டேன்.

"வேணாம். இதையே பெரிசாப் போட்டுத் தாங்க" என்றாள். "எங்கட அம்மா இப்பிடித்தான் பாப்பா, நாங்க பிழை செஞ்சா. இவ்வளவு நாளும் அவ அப்பிடிப் பாத்ததை நாங்க பாக்கல்ல."

பாதையில் திரும்பும்போது வாவியில் காற்று அடித்தது. அந்த மனுசனிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனதில் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

ஸ்டூடியோவில் படத்தை அச்சிட்டு மேசையில் வைத்தேன். கமராவையும் ஸ்டூடியோச் சாவியையும் பக்கத்தில் வைத்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு வந்தார். நான் அடுக்கிவைத்த ஒன்றையும் கேட்கவில்லை. படத்தைத்தான் அவர் பக்கம் திருப்பினேன்.

குனிந்து பார்த்தார். அந்தக் கண் அவரைப் பார்த்தது. மெல்லுவதை நிறுத்தினார். அசைந்தது யார் என்று இந்தப் படத்தில் அவரால் சொல்ல முடியாது. எதுவுமே அசையவில்லை. பார்வையை முதலில் விலக்கியவர் அவர்தான். விளிம்பைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருட்டு" என்றார்.

படத்தை உறையில் போட்டேன். ஸ்டாண்டைத் தோளில் தூக்கினேன். கடைசிப் பாதை போக முன் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.